பளபளக்கும் ஐந்நூறு கிராம்

பிப்ரவரி 2

சுண்டுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் கடிதம் இல்லை இது. நீ நலமாகத்தான் இருக்கிறாய். நலமாக இல்லாதவளுக்குப் பெரியப்பனைக் கேட்காமல் இவ்வளவு பெரிய முடிவெடுக்கத் தெம்பு இருந்திருக்காது.

உன் அப்பன் நேற்று ஃபோனில் கூப்பிட்டான். முதலில் தான் வேலை பார்க்கும் நீரேற்று நிலையத்தில் மோட்டார் எரிந்துபோன கதையைச் சொன்னான். அடுத்து உங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு ஈரத்தில் உப்பி மூட மறுப்பதைச் சொன்னான். அப்புறம் இருமினான். என் தம்பி சளி இல்லாமல் இருமினால் பின்னால் ஒரு வில்லங்கம் வருகிறது என்று அர்த்தம்.

"அண்ணே, பாப்பா பதினொண்ணாவதுக்கு வேற படிப்பு கேக்குது."

"வேறன்னா?"

"சர்வதேசப் படிப்பாம். அவ ஸ்கூல்லயே இருக்கு. ரெண்டு வருஷம். நீங்க சரின்னு சொன்னா நான் கையெழுத்துப் போட்டுடுறேன்."

"நான் சரின்னு சொல்லலைன்னா?"

மறுபடியும் இருமினான்.

ஃபோனை அணைத்து, உன் பெரியம்மாவின் அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். இனி இந்த விஷயம் எழுத்தில்தான். பேசியதைப் பேசவே இல்லை என்று சொல்லிவிடலாம். எழுதியது எழுதியபடியே இருக்கும். நாற்பது வருடமாகத் தராசு பழுது பார்க்கிறேன். எந்தக் கடையில், எந்தத் தேதியில், எத்தனை கிராம் பிசகு என்று நோட்டில் எழுதாமல் ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை.

உனக்காக நான் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். கருவிப் பராமரிப்புக்கு டிப்ளமா கொடுக்கும் தொழிற்கல்லூரியின் முதல்வரிடம் மூன்று வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். "சாதாரணமா பன்னெண்டாவது முடிச்சிட்டு வரட்டும், உங்க பொண்ணுக்கு இடம் இருக்கு" என்று வாய் நிறையச் சொல்லியிருக்கிறார். இரண்டு வருடம் நிம்மதியாகப் படித்துவிட்டு அங்கே போய் உட்கார வேண்டியதுதான். அதை விட்டுவிட்டு, ஊரில் யாருக்கும் பெயர் சொல்லத் தெரியாத ஒரு படிப்பு.

நான் ஏழாவது வரைதான் போனேன். ஆங்கிலம் இயந்திரங்களின் கையேடுகளிலிருந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கற்றது. மின்னணுத் தராசு வந்தபோது, கெட்டுப்போன ஒன்றை வாங்கி எட்டுத் தடவை பிரித்து எட்டுத் தடவை பூட்டினேன். எனக்கு யாரும் பாடத்திட்டம் போட்டுத் தரவில்லை. யாரும் மார்க் போடவும் இல்லை.

அதனால் கேட்கிறேன். உங்கள் விடைத்தாள்களை வேறு நாட்டில் யாரோ திருத்துவார்களாமே, உன் முகம் பார்க்காத ஒருவர் உன்னை எப்படி எடை போடுவார்? முடியாமல் பாதியில் விட்டால் உன்னை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பார்கள்? இதை ஏன் நீ என்னிடம் சொல்லவில்லை? கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் எழுது.

பெரியப்பா

பின்குறிப்பு: உன் மேசை மேல் இருக்கும் பித்தளை எடைக்கல்லை, நம் சின்னவரை, வாரா வாரம் துடைக்கிறாயா?


பிப்ரவரி 7

பெரியப்பாவுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: பயம். உங்களிடம் எதைச் சொன்னாலும் "ம்" என்பீர்கள். அந்த "ம்" எந்தப் பக்கம் சாய்கிறது என்று பெரியம்மாவாலேயே கண்டுபிடிக்க முடிந்ததில்லை. அதனால் அப்பாவை முன்னால் அனுப்பினேன். அவர் குளியலறைக் கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார் என்று நான் நினைக்கவில்லை.

பாதியில் விட்டால் பழைய வகுப்பிலேயே, ஒரு வருடம் பின்னால் உட்கார வைப்பார்கள். போன வருடம் இரண்டு பேர் அப்படித் திரும்பி வந்தார்கள். நான் எதையும் மறைக்கவில்லை. இது கடினமான படிப்புதான். ஆறு பாடம், அதில் மூன்றை ஆழமாகப் படிக்க வேண்டும். அறிவியல் எடுத்தேன் என்பதற்காக மொழிப்பாடத்தை விட முடியாது. நாமே ஒரு கேள்வியைத் தேடிப் பிடித்து நாலாயிரம் சொல்லில் கட்டுரை எழுத வேண்டும். ஒரு விஷயம் நமக்குத் தெரியும் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதற்குத் தனியாக ஒரு வகுப்பு. அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அதுக்குக்கூடவா பீரியடு? உங்க பெரியப்பா வந்தா அதைத்தானே சோறு போடுறதுக்கு முன்னாடி நடத்துறாரு" என்றாள்.

முகம் பார்க்காதவர் திருத்துவது பற்றி. எனக்கு அந்தப் படிப்பில் பிடித்ததே அதுதான். எங்கள் டீச்சர்கள் எனக்கு நல்ல மார்க் போடுகிறார்கள். நான் வகுப்பில் சத்தம் போடமாட்டேன், என் கையெழுத்து அழகாக இருக்கும். போன மாதம் இயற்பியல் தாளில் ஒரு கணக்கை முழுக்கத் தப்பாகப் போட்டிருந்தேன். முழு மார்க் விழுந்திருந்தது. எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்மா, விடு" என்று சிரித்தார் டீச்சர். எனக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கே தெரியாது, பெரியப்பா. என்னைத் தெரியாத யாராவது ஒருவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். சான்றிதழ் என்றாலே முகத்தைத் திருப்புவீர்கள். எனக்கு மட்டும் ஏன் டிப்ளமா சான்றிதழுக்கு மூன்று வருடமாக இடம் பிடித்து வைத்திருக்கிறீர்கள்?

பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். மார்ச் 15க்குள் அப்பா கையெழுத்திட்ட படிவம் போக வேண்டும். அப்பா, "அண்ணன் சரின்னா சரி" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டேன் என்கிறார். படிவத்தோடு சின்ன ஆய்வு ஒன்றும் கேட்கிறார்கள். நாமே கேள்வி கேட்டு, நாமே அளந்து, ஆயிரத்து ஐந்நூறு சொல்லில். என் கேள்வி இது: ஒரு எடைக்கல் எத்தனை வருடம் தன் எடையைக் காப்பாற்றும்?

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒரே பித்தளைத் தண்டிலிருந்து ஒரே நாளில் இரண்டு ஐந்நூறு கிராம் எடைக்கல் கடைந்தீர்களே. அவற்றில் பெரியவர் உங்களோடு கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சரிபார்த்தார். சின்னவர் உங்கள் இழுப்பறையில் தூங்கினார். எனக்கு எட்டு வயதானபோது என்னிடம் வந்தார். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு இருக்கிறது. பெரியவரைப் பத்து நாளைக்கு அனுப்புவீர்களா?

உங்கள் சுண்டு

பின்குறிப்பு: துடைக்கவில்லை. ஒருமுறைகூட. அவர் கறுத்துப்போய் இருக்கிறார்.


பிப்ரவரி 11

சுண்டுக்கு,

எட்டு வருடம். ஒருமுறைகூட இல்லை. நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேலைக்குக் கிளம்பும் முன் பெரியவரைப் பாலிஷ் போட்டுத் துடைக்கிறேன். காய்ச்சலில் கிடந்தபோதும் துடைத்தேன். மூஞ்சி பார்க்கலாம் அவரில். கடைக்காரர் முன்னால் எடுத்து வைத்ததும் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். நீ கறுக்க விட்டிருக்கிறாய். இதில் ஆய்வு வேறு.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எழுதியதால் சொல்கிறேன், நேரில் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

அந்த இரண்டையும் கடைந்த மாதம், பெரியவரைத் துணியில் சுற்றி எடையளவு அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன், முத்திரை வாங்க. தானியக் கிடங்கில் இருந்த முத்திரை போட்ட கல்லோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, அரத்தால் நாலு நாள் தேய்த்துக் கொண்டுவந்த எடை அது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னைவிட இளையவர். "எங்கே படிச்சீங்க?" என்றார். ஏழாவது என்றேன். பக்கத்து மேசையைப் பார்த்து, "ஏழாவது படிச்சவர் எடைக்கல் செஞ்சு கொண்டாந்திருக்காருப்பா" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். தராசு அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வைத்துப் பார்க்கவில்லை. தள்ளிவிட்டார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு அந்தத் தெருப் பக்கமே போவதில்லை, சுற்றிக்கொண்டு போவேன்.

அந்த மேசைக்கு முன்னால் நீ நிற்கும்போது உன் கையில் காகிதம் இருக்க வேண்டும் என்றுதான் டிப்ளமா. எனக்குக் காகிதத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது என்று நினைக்காதே.

பெரியவரைப் பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து அனுப்புகிறேன். வெறும் கையால் தொடாதே. உன் பள்ளிக்கூடத்துத் தராசில் வை. சான்றிதழ் இல்லாதவன் செய்தது எப்படி நிற்கிறது என்று உன் டீச்சர்களைக் கூப்பிட்டுக் காட்டு. நான் சரி என்று இன்னும் சொல்லவில்லை. இது ஆய்வுக்கு மட்டும்.

பெரியப்பா


பிப்ரவரி 20

பெரியப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஆளுக்குப் பத்து முறை வைத்துப் பார்த்தேன். சின்னவர் 499.98. பெரியவர் 499.17.

முதலில் மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் மறுபடியும் பத்து முறை. அதே எண்கள்.

கறுத்துப்போனவர் சரியாக இருக்கிறார். பளபளவென்று இருப்பவர் முக்கால் கிராமுக்கு மேல் குறைகிறார். ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "கடைத் தராசுக்கெல்லாம் ஒரு கிராம் வரைக்கும் விட்டுருவாங்கம்மா, இதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. உங்களுக்கும் இருக்காது என்று தெரியும். "அரை கிராம்கூட விடமாட்டேன்" என்று நீங்கள் கடைக்காரர்களிடம் சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன்.

பெரியவரை நாளை அதே டப்பாவில் அனுப்புகிறேன். வெறும் கையால் தொடவில்லை.

சுண்டு


பிப்ரவரி 23

சுண்டுக்கு,

உங்கள் தராசு தப்பு.

தட்டின் நடுவில் வைத்தாயா? நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்த்தாயா? மேலே மின்விசிறி ஓடியதா? மேசை ஆடுகிறதா? முத்திரை போட்ட கல்லை முதலில் வைத்துச் சரிபார்த்தாயா, இல்லை, பள்ளிக்கூடத்துச் சொத்து என்பதால் நம்பிவிட்டாயா? சின்னவர் மேல் எட்டு வருட அழுக்கு ஏறியிருக்கிறது, அதையும் சேர்த்து அளந்திருக்கிறாய். முப்பத்தொரு வருடம் நான் துடைத்து வைத்த கல்லை இரண்டு நாளில் பொய்யாக்கிவிட்டாய்.

இதைத்தான் அந்தப் படிப்பில் சொல்லித்தருவார்கள் என்றால் அது எனக்கு வேண்டாம். உனக்கும் வேண்டாம்.

பெரியப்பா


மார்ச் 1

பெரியப்பாவுக்கு,

நீங்கள் கேட்டதையெல்லாம் செய்தேன். கோபத்தில் கேட்டாலும் கேள்விகள் சரியானவை என்று வேதியியல் டீச்சர் சொன்னார்.

மின்விசிறியை நிறுத்தினேன். மேசைக்கால் ஒன்று ஆடியது, அட்டை மடித்து வைத்தேன். முத்திரை போட்ட ஐந்நூறு கிராமை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்தேன். ஐந்து இடத்திலும் 500.00. சின்னவரைச் சோப்பு நீரில் கழுவி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு வைத்தேன். 499.97 வந்தது. அழுக்கின் எடை அவ்வளவுதான். பெரியவரைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் வேறொரு தராசிலும் வைத்துப் பார்த்திருந்தேன். அங்கேயும் அதே குறைவு.

ஏன் என்று டீச்சரிடம் கேட்டேன். "உங்க பெரியப்பா துடைக்கிறப்போ துணியில என்ன கலர் வரும்?" என்றார். கறுப்பு என்றேன். "அது அழுக்கு இல்லம்மா. பாதிக்கு மேல பித்தளை."

திங்கட்கிழமைக்கு அரை மில்லிகிராம் போனால் போதும். முப்பத்தொரு வருடத்தில் ஆயிரத்து அறுநூறு திங்கட்கிழமைகள். கணக்குப் போட்டேன், முக்கால் கிராமுக்கு மேல் வருகிறது. நீங்கள் தப்பாகச் செய்யவில்லை, பெரியப்பா. கடைந்த அன்று இரண்டுமே சரியாக இருந்திருக்கின்றன. நான் துடைக்காததால் தப்பித்தவர்தான் அதற்குச் சாட்சி.

எழுதியது தயார். ஆனால் உங்களைக் கேட்காமல் அனுப்பமாட்டேன். "ஒரு பழைய எடைக்கல்" என்று மட்டும் போட்டு, யாருடையது என்று சொல்லாமல் விட்டுவிடவா?

சுண்டு


மார்ச் 8

பெரியப்பாவுக்கு,

பதில் வரவில்லை. ஃபோன் இன்னும் போர்வைக்கு அடியில்தான் இருக்கிறது போல.

இன்னும் ஒரு வாரம்தான். நான் முடிவு செய்துவிட்டேன். சாதாரணப் பதினொன்றிலேயே சேர்ந்துகொள்கிறேன். ஆய்வையும் அனுப்பப்போவதில்லை. உங்களை ஊரார் முன்னால் சிறியவராக்கி நான் பெரிய படிப்பில் உட்கார வேண்டாம். அப்பாவிடம் சொன்னேன். அவர் இருமக்கூட இல்லை, வெளியே போய்க் குளியலறைக் கதவை இழைத்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் வேலைக்குப் போவதில்லை என்று பெரியம்மா அம்மாவிடம் சொன்னாராம். சாப்பிடுங்கள்.

சுண்டு


மார்ச் 11 (விரைவுத் தபால்)

சுண்டுக்கு,

உன் பெரியம்மாவுக்குப் பாதிதான் தெரியும். வேலைக்குப் போகாமல் இருந்தது முதல் மூன்று நாள் மட்டும். அதன் பிறகு தினமும் போகிறேன். எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுத என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அளந்துகொண்டிருந்தேன்.

உன் மார்ச் 1 கடிதம் வந்ததும் பெரியவரைத் துணியில் சுற்றிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். அலுவலகம் மாடிக்கு மாறியிருக்கிறது. வரிசையில் நின்றேன். மேசைக்குப் பின்னால் ஒரு பெண், உன்னைவிடப் பத்து வயது பெரியவளாக இருப்பாள். எங்கே படித்தேன் என்று அவள் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, தராசில் வைத்தாள்.

"நானூத்துத் தொண்ணூத்தொம்பது புள்ளி ஒண்ணு ஏழு. யாரு சார் செஞ்சது?"

"நான்."

"நல்லா வந்திருக்கே. ஆனா ரொம்பத் துடைச்சிட்டீங்க."

உன் டீச்சரிடம் அவள் படித்திருப்பாளோ என்று சந்தேகம் வந்தது. "கடைத் தராசுக்குன்னா பரவாயில்ல சார், ஒரு கிராமுக்குள்ளதானே" என்றாள். "எனக்குப் பரவாயில்லன்னு விட முடியாதும்மா" என்றேன். முத்திரை போட்ட எஃகுக் கல் ஒன்றை அங்கேயே வாங்கினேன். கையெழுத்துப் போட்டுக் காகிதமும் கொடுத்தாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன்.

பெரியவரை வைத்து நான் சரிபார்த்த நாற்பத்துமூன்று கடைகளில் முப்பத்தெட்டின் தராசுகளைப் புதுக் கல்லை வைத்துத் திருத்தி முடித்துவிட்டேன். பேக்கரியில் ஒன்றும் கேட்காமல் டீ கொடுத்தார்கள். இரும்புக் கடைக்காரர், "உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றார். காய்கறிக் கடை அம்மா மட்டும் விடவில்லை.

"என்னய்யா, கூப்பிடாமலே வந்து நிக்கிறீங்க?"

"உங்க தராசு முக்கால் கிராம் பிசகா இருக்கு. நான்தான் காரணம்."

"முக்கால் கிராமா? என் வெண்டைக்காய்க் காம்பு அதைவிடக் கனம்யா. போய்ப் படுங்க."

போய்ப் படுக்கவில்லை. திருகைத் திருப்பிவிட்டுத்தான் வந்தேன். நோட்டில் தேதிக்கு எதிரே பிசகு என்று எழுதும் இடத்தில் எப்போதும் தராசின் எண்ணைத்தான் எழுதுவேன். இந்த முப்பத்தெட்டு இடத்திலும் "என்னுடையது" என்று எழுதியிருக்கிறேன். உன் பெரியம்மா அதைப் படித்துவிட்டு, "முப்பத்தொரு வருசமா அந்தத் துணியைத் துவைச்சவ நான். அவ்வளவு பித்தளையையும் சாக்கடையில விட்டது நான்தானே, என் பேரையும் சேர்த்துப் போடுங்க" என்றாள். அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

இப்போது உன் விஷயம். "ஒரு பழைய எடைக்கல்" என்று எழுதினால் உன்னோடு பேசமாட்டேன். யார் கடைந்தது, யார் துடைத்தது, இரண்டையும் எழுது. கடைந்த அன்று அது சரியாக இருந்தது என்பதையும் எழுது, ஏனென்றால் அதுவும் அளந்து கண்டுபிடித்ததுதானே. ஆய்வை அனுப்பு.

படிப்பு நல்லது என்று நான் ஒத்துக்கொண்டதாகக் கொண்டாடாதே. அதைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என்னைத் தெரிந்த நாற்பத்துமூன்று கடைக்காரர்களில் ஒருவர்கூடப் பெரியவரை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அதுதான் எனக்கு வினையாக வந்து முடிந்தது. தொழிற்கல்லூரி முதல்வரிடம் உனக்கு இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "என்ன இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார். "ம்" என்றேன்.

உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. அது உன் அப்பனுக்கு. நீயும் படிக்கலாம்: "தம்பி, கையெழுத்துப் போடு. இருமாதே."

பெரியப்பா


ஆகஸ்ட் 19

பெரியப்பாவுக்கு,

நல்ல செய்தி இல்லாத கடிதம் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது.

கணிதத்தில் முதல் பெரிய தேர்வு. மொத்த மார்க்கை ஒன்று முதல் ஏழு வரை தரமாக மாற்றுவார்கள், ஏழுதான் உச்சம். எனக்கு மூன்று. என் வாழ்க்கையில் நான் வாங்கியதிலேயே குறைவு. வெளியே இருப்பவர்கள் எப்படித் திருத்துவார்களோ அப்படியேதான் திருத்தினேன் என்று டீச்சர் சொன்னார். மற்ற பாடங்கள் ஐந்தும் நாலுமாக இருக்கின்றன. பெரியவரைப் பற்றிய ஆய்வைப் படித்தவர்கள் என்மேல் என்னென்னவோ எதிர்பார்ப்பு வைத்திருக்கிறார்கள் போலத் தெரிகிறது. அதுவும் பாரமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 31க்குள் பழைய வகுப்புக்குத் திரும்பினால் வருடம் போகாது. என்னோடு சேர்ந்த பன்னிரண்டு பேரில் ஒருத்தி போன வாரம் போய்விட்டாள். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, "நீயும் வாடி, அங்க மனுசங்க மாதிரி தூங்கலாம்" என்றாள். தினமும் அந்த வகுப்பைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போகிறேன்.

நீங்கள் அன்று பிடிவாதமாக வேண்டாம் என்றே சொல்லியிருக்கலாம். கோபப்பட எனக்கு ஓர் ஆள் இருந்திருக்கும். இப்போது நானேதான் இருக்கிறேன்.

தேர்வுத்தாளின் கலர் நகலை இந்த உறையில் வைத்திருக்கிறேன். அப்பாவிடம் காட்டவில்லை. எதையும் மறைத்தால் உங்களுக்குப் பிடிக்காது என்பதால் உங்களுக்கு.

சுண்டு


ஆகஸ்ட் 25

சுண்டுக்கு,

உன் தாளை நாலு நாள் வைத்திருந்தேன். கணக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை. அகராதி, கண்ணாடி, உன் பெரியம்மா என்று எல்லாத் துணையோடும் உட்கார்ந்தும் புரியவில்லை. ஆனால் சிவப்பு மை எங்கே விழுந்திருக்கிறது என்று எண்ணத் தெரியும். நோட்டை எடுத்துக் கோடு போட்டு எழுதினேன்.

பதினொரு இடத்தில் உனக்கு மார்க் போயிருக்கிறது. இரண்டு இடத்தில் விடையே தப்பு. மிச்சம் ஒன்பதிலும் விடைக்குப் பக்கத்தில் சரி என்று போட்டு, மேலே "வழி எங்கே?" என்று எழுதியிருக்கிறார்கள். நீ நடுவில் எதையும் எழுதாமல் நேராக விடைக்குக் குதித்திருக்கிறாய். உன்னைத் தெரிந்தவர்களிடமே இத்தனை வருடம் தாளைக் கொடுத்துப் பழகியவள் நீ.

என் தொழிலில் ஒன்று உண்டு. ஒரு தராசு நான்கு மூலைகளிலும் நான்கு விதமாகப் பிசகினால் அதை ஓரமாக வைத்துவிடுவேன், நேரம் வீண். எந்த மூலையில் வைத்தாலும் ஒரே பக்கமாக, ஒரே அளவு பிசகினால் அது நல்ல தராசு. ஒரு திருகு போதும். உன் பதினொன்றில் ஒன்பது ஒரே பக்கம் சாய்கிறது.

இதை வைத்து நீ இரு என்றோ போ என்றோ நான் சொல்லவில்லை. என் தாள் இல்லை அது. இரண்டு இடத்தில் தப்பாகப் போட்டாயே, அதை மட்டும் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்.

பெரியவரைத் துடைப்பதை நிறுத்திவிட்டேன். ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். வேலைக்கு எஃகுக் கல்தான் வருகிறது, காகிதத்தோடு. பெரியவர் ஐந்து மாதத்தில் விளிம்புகளில் பழுப்பேறி, இப்போது கறுக்கத் தொடங்கிவிட்டார். மூஞ்சி தெரிவதில்லை. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் கை தானாகத் துணியைத் தேடுகிறது. உன் பெரியம்மா அதை ஒளித்து வைத்துவிட்டாள். எங்கே என்று எனக்குத் தெரியும். போர்வைகளுக்கு அடியில், ஃபோனுக்குப் பக்கத்தில்.

நேற்றுப் போய் ஃபோனை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.

31ஆம் தேதி சாயங்காலம் எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கூப்பிட்டுச் சொல். எந்த வகுப்பைச் சொன்னாலும் நான் "ம்" என்பேன். இந்த முறை அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று நீ யோசிக்க வேண்டியதில்லை.

பெரியப்பா